ஒரு சென்ட் வீடும் ஊரார் அறிவுரையும்

மூன்று மாதமாக நாங்கள் சேலத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்காக அல்ல, எங்கள் தோழிக்காக. ஆனாலும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். தரகரிடம் பேசியது, பத்திரம் வாசித்தது, வங்கி வாசலில் உட்கார்ந்திருந்தது, ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டது எல்லாமே நான்கு பேராகத்தான்.

தோழி கொல்லிமலை வளப்பூர் நாட்டில் பிறந்தவர். மலையாளிப் பழங்குடி. உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, செவிலியர் பயிற்சி முடித்து, ஒன்பது ஆண்டுகளாகச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் ஆறாம் வகுப்பு. விடுமுறை கிடைத்தால் மலையேறி, எங்களோடு சேர்ந்து சாதிச் சான்றிதழ் மனுக்களுக்கு அலைவார். இந்த ஒன்பது ஆண்டில் நான்கு வாடகை வீடு மாறிவிட்டார்கள். இப்போது ஒற்றை அறைக்கு ஆறாயிரம் வாடகை.

பார்த்த வீட்டைச் சொல்லிவிடுகிறோம். சேலத்தின் பழைய பகுதியில் ஒரு சந்து. ஒரு சென்ட் இடம், அதாவது 435 சதுர அடி. முன்பக்கம் நாட்டு ஓடு, பின்பக்கம் பிறகு போட்ட காங்கிரீட். கட்டி ஐம்பது ஆண்டு ஆகிறது. ஒரு பக்கம் பொதுச்சுவர். சந்துக்குள் லோடு ஆட்டோ வராது, முனையில்தான் நிறுத்த வேண்டும். விலை ஒன்பதரை லட்சம்.

இதை வாங்கலாமா என்று பேச ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளைத் தொகுத்தால் தனிப் புத்தகம் போடலாம். சொந்தக்காரர்கள் சொன்னதை விட்டுவிடுவோம். "அந்தக் காசுக்கு ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போடலாமே" என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். எங்களை எழுத வைத்தது நம் ஆட்களின் அறிவுரை.

ஒரு மூத்த தோழர் சொன்னார்: "பழங்குடிக்கு மலைதான் வீடு. மலையை விட்டு இறங்கி ஒரு சென்ட்டுக்குக் கடன்படுவது நடுத்தர வர்க்க ஆசை." இன்னொருவர், பழங்குடிப் பண்பாடு பற்றிக் கட்டுரை எழுதுபவர், இன்னும் ஒரு படி மேலே போய் "இது வேரை அறுத்துக்கொள்வது" என்றார். அவருக்கு நகரத்தில் இரண்டு வீடு இருக்கிறது. அவர் வேர் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

மலையாளி மக்கள் தங்கள் பூர்வீகம் பற்றிச் சொல்லும் வாய்மொழிக் கதையே காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த கதை. தங்கள் சரித்திரத்தையே ஒரு பயணமாகச் சொல்லும் மக்களிடம் போய் 'நீ அசையாதே, அசைந்தால் அழிந்தாய்' என்று சொல்வது யாருடைய தேவை? எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வார இறுதியில் வருகிறவர்கள் தங்க விடுதி கட்டுகிறார்கள். சமவெளிக்காரர்கள் மலையில் இடம் வாங்கி, கம்பி வேலி போட்டு, மாதம் இரண்டு நாள் வந்து போகிறார்கள். அவர்களிடம் யாரும் வேரைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்குப் பெயர் முதலீடு. மலைக்காரி நகரத்தில் ஒரு சென்ட் கேட்டால் மட்டும் அது பண்பாட்டுச் சிதைவு.

தலித் இளைஞர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. 'ஊர்ல இருந்து போராடு' என்பது இதன் இன்னொரு வடிவம். கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் என்ன பேசினார் என்று நம்மில் பாதிப் பேர் மேடையில் சொல்கிறோம். வீடு என்று வரும்போது மறந்துவிடுகிறோம். அவர் வெளிநாட்டில் படித்துத் திரும்பி, 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகச் சேர்ந்தவர். அந்த நகரத்தில் தங்க ஓரிடம் கிடைக்காமல், ஒரு பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கி, அங்கிருந்தும் விரட்டப்பட்டார். அதே மனிதர் 1930-களில் பம்பாய் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டினார், புத்தகங்களுக்கும் சேர்த்து. அதை நடுத்தர வர்க்க ஆசை என்று சொல்ல எந்தத் தோழருக்குத் தைரியம் இருக்கிறது?

பக்கத்து மாவட்டத்தையே பாருங்கள். 2012 நவம்பர் 7. தருமபுரி நத்தம் காலனியும் அதையொட்டிய இரண்டு காலனிகளும். பெங்களூருவுக்குப் போய் உழைத்த காசைக் கொண்டுவந்து பலர் அங்கே வீடு கட்டியிருந்தார்கள். டிவி, பீரோ, பைக் எல்லாம் இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே மாலையில் எரிக்கப்பட்டன. ஒரு காதல் கல்யாணம் காரணமாகச் சொல்லப்பட்டது. எரித்தவர்களின் கண்ணை உறுத்தியது அந்த வீடுகளும்தான். நகரத்தில் சம்பாதி, ஆனால் ஊர்க் காலனியில்தான் கட்டு என்று சொல்கிறவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

நகரத்தில் சாதி இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முதலில் பார்த்த வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் புரியும். வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார்.

"எந்தூரும்மா?"

"கொல்லிமலைங்க. வளப்பூர் நாடு."

"மலையில யாரு? செட்டியாருங்களா?"

"இல்லைங்க. மலையாளிங்க, எஸ்டி."

அம்மா எங்களையும் ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை, தெரிந்துகொண்டார். மறுநாள் தரகர் போன் செய்து, "பையன் விக்க வேண்டாம்னுட்டானாம்" என்றார். அடுத்த வாரம் அந்த வீடு வேறொருவருக்கு முன்பணம் ஆகிவிட்டது. யாரும் திட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. நகரத்துச் சாதி இப்படித்தான், தண்ணீர் கொடுத்துவிட்டு மறுநாள் போன் செய்யும்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், சட்டக் கல்லூரியிலேயே பலருக்குத் தெரியவில்லை. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4. எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியேறுவதையோ தீண்டாமையின் பேரில் தடுத்தால் குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 12. இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, நூறு ரூபாய் முதல் ஐநூறு ரூபாய் வரை அபராதம். ஐநூறு ரூபாய்! தரகர் கமிஷனில் சில்லறை.

பிரிவு 12-இன் அனுமானம் பட்டியல் சாதியினருக்குத்தான், பழங்குடியினருக்கு இல்லை. எங்கள் தோழிக்கு மிச்சமிருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. ஒருவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ய மறுப்பதும் அதன் விளக்கத்துக்குள் வருகிறது. 'பையன் வேண்டாம்னுட்டான்' என்ற ஒற்றைப் போன் அழைப்பை வைத்து இதை எந்தக் காவல் நிலையத்தில் எழுதி வாங்குவது? இன்னொரு பக்கம், 2005-இல் உச்ச நீதிமன்றம் குஜராத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினர் பார்சியாகத்தான் இருக்க வேண்டும் என்ற சங்க விதி செல்லும் என்றது. பரோடா விடுதிக்கு எண்பத்தெட்டு ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு.

இனி இந்த ஒன்பதரை லட்சம் வீட்டுக்கு வருவோம். இது ஏன் இவ்வளவு மலிவு? தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பின்னாடி காலனிங்க. அதான் நம்மாளுங்க யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க." அவருடைய 'நம்மாளுங்க'வில் நாங்கள் இல்லை என்பது அவருக்குப் பாதி வாக்கியத்தில்தான் உறைத்தது. அதே சாலையில் இருநூறு அடி தள்ளி இருக்கும் வீட்டுக்குக் கேட்ட விலை இதைவிட நாலு லட்சம் கூடுதல். அளவும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நாலு லட்சம் எதற்கு? மண்ணுக்கும் இல்லை, சுவருக்கும் இல்லை. பின்வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதற்கு.

சாதி குறைத்து வைத்திருக்கும் விலை இது. எங்களைப் பொறுத்தவரை பின்னால் இருப்பது பயமல்ல, ராத்திரி டூட்டி முடிந்து வரும் பெண்ணுக்குத் துணை. 'விற்கும்போது உனக்கும் குறைந்த விலைதானே கிடைக்கும்' என்று சரியான கேள்வியைக் கேட்டவரும் ஒருவர் இருந்தார். கிடைக்கும்தான். விற்கிற எண்ணத்தோடு வாங்குகிறவருக்கு இந்த வீடு நஷ்டம். மகள் கல்லூரி முடிக்கும்வரை வீட்டுக்காரர் போனுக்குப் பயப்படாமல் ஓரிடத்தில் இருக்க நினைப்பவருக்கு அப்படி இல்லை.

மலிவு என்றாலே தாவிவிடவும் கூடாது. மலிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, நம் மக்கள் சிக்குவது பெரும்பாலும் அங்கேதான். வாரியக் குடியிருப்பில் ஒரு வீடு இதைவிடக் குறைந்த விலைக்கு வந்தது. வாரியம் இன்னும் ஒதுக்கீடுதாரருக்கே விற்பனைப் பத்திரம் எழுதித் தரவில்லை. அவர் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்கிறார். அப்படி வாங்குவது வீடு வாங்குவதாகாது, காசு கொடுத்து ஒரு பயத்தை வாங்குவது. பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்து உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கட்டடத்தை வெயில் நாளில் பார்த்துப் பயனில்லை. நாங்கள் மூன்றாவது முறை போனது ராத்திரி முழுக்கப் பெய்த மழைக்கு மறுநாள் காலை. ஓட்டுப் பகுதி ஒழுகவில்லை. பிற்பாடு போட்ட காங்கிரீட்தான் ஒழுகியிருந்தது, கம்பி துருவேறிக் காரை பெயர்ந்து கிடந்தது. ஓட்டைப் பார்த்துப் பழசு என்று முகம் சுளித்தவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து வங்கி. பெயர் வேண்டாம். அதிகாரி வயதில் சின்னவர், பொறுமையாகத்தான் பேசினார். "கட்டடத்துக்கு அம்பது வயசு. லோன் முடியறப்ப எழுபது ஆகிடும். வேல்யூவர் ஒத்துக்க மாட்டார்." அதே மேசையில், ஊருக்கு வெளியே கட்டவிருக்கும் புது வீட்டுக்கு இருபத்தைந்து லட்சம் வரை தரலாம் என்ற துண்டுப் பிரசுரம் இருந்தது. ஒன்பதரை லட்சத்தில் கட்டடத்துக்கு என்று யாரும் ஒரு லட்சம்கூடப் போடவில்லை. "மண்ணு வெலதாம்மா" என்று தரகரே சொல்கிறார். மண்ணுக்கு வயதாகுமா? அடமானம் பிடிப்பது எதை?

எளிய குடும்பம் இருபத்தைந்து லட்சத்துக்கு ஊருக்கு வெளியே போய்க் கடன்படலாம், ஒன்பது லட்சத்துக்கு ஊருக்குள் கடன்படக் கூடாது. இந்த ஏற்பாட்டில் லாபம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். வங்கிகள் தம் கடனில் 12 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் இலக்கு. அந்தப் பட்டியலில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருக்கிறார்கள். கிளை மேலாளரிடம் கடன் கேட்கப் போகும்போது இதைத் தெரிந்துகொண்டு போங்கள், யாசகம் கேட்கும் தொனி தானாகப் போய்விடும்.

இன்னொரு விதி ரிசர்வ் வங்கி 2015-இல் சொன்னது. பொதுவாக முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் விலையோடு சேர்க்காமல்தான் கடன் கணக்கிடுவார்கள். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தே ஆக வேண்டும் என்றில்லை, சேர்க்கலாம். தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

தோழி பெயரில் பதிந்தால் கணக்கு இப்படி வரும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 66,500. பதிவுக் கட்டணம் 2-க்குப் பதில் 1 சதவீதம், 9,500. ஆக மொத்தச் செலவு 10 லட்சத்து 26 ஆயிரம். வங்கி அதில் 90 சதவீதம் தந்தால், கையிலிருந்து போட வேண்டியது ஒரு லட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம். செலவுகளைச் சேர்க்க மாட்டேன் என்றால் ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம். தோழியிடம் இருப்பது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஒரு 'லாம்' எத்தனை கனம் என்று பாருங்கள்.

ஒன்றிய அரசின் நகர்ப்புற வீட்டு வட்டி மானியம் இருக்கிறதே என்பீர்கள். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. வளப்பூர் நாட்டில் அரசுத் திட்டத்தில் கட்டிய ஒரு சின்ன வீடு கணவர் பெயரில் இருக்கிறது. அதில் மாமனார், மாமியார் இருக்கிறார்கள். முடிந்தது கதை. மாநில அரசு 2024-இல் கொண்டுவந்த கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம், 360 சதுர அடி, 2030-க்குள் 8 லட்சம் வீடுகள். வரவேற்கிறோம். ஆனால் அது ஊரகத்துக்கு, குடிசை இருக்கும் இடத்திலேயே. அரசு நமக்குத் தரும் வீடுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். காலனிக்குள்ளே, மலையிலேயே, இல்லாவிட்டால் நகரத்திலிருந்து அப்புறப்படுத்தி பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும். நாமே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஏற்கெனவே நிற்கும் ஒரு பழைய வீட்டை வாங்க உதவும் திட்டமாக அது இருப்பதே இல்லை. 1974-இல் தொடங்கிய தாட்கோ தன் பெயரிலேயே வீட்டுவசதியைச் சுமக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் நகரத்துக்குள் பழைய வீடு வாங்க, கையிலிருந்து போட வேண்டிய அந்த முதல் பத்து சதவீதத்தையாவது அரசு கடனாகத் தரட்டும். இதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம். பஞ்சமி நிலத்துக்குப் பிறகு ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வைத்தாலும் சரி.

அந்தப் பத்து சதவீதம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? மலையில் இருக்கும் காணியை விற்பார்கள். இதுதான் எங்கள் பயம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒன்று கிடையாது. ஆந்திரத்தில் இருப்பதுபோல் பழங்குடி நிலம் வெளியாள் கைக்குப் போவதை அடியோடு தடுக்கும் சட்டமும் நமக்கு இல்லை. தோழியின் மாமனாரிடம் மிளகும் காப்பியும் போட்ட ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. வீட்டுப் பேச்சு காதில் விழுந்த வாரமே ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் விலை கேட்டு வந்துவிட்டார். மலையை விட்டுப் போகாதே என்று அறிவுரை சொன்ன தோழர்களே, நீங்கள் காக்க நினைக்கும் வேர் அந்த ஒன்றரை ஏக்கர்தான். அதைக் காக்க வேண்டும் என்றால் தோழிக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டும்.

இதை எழுத ஆரம்பித்தபோது எல்லாம் கைகூடும் நிலைமையில்தான் இருந்தது. இரண்டாவது வங்கி பொறியாளரை அனுப்பியது, செலவுகளையும் சேர்த்துக் கணக்கிட ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் வாரிசுச் சான்றை நாங்கள் நிதானமாக வாசித்தோம். வீட்டுக்காரர் உயில் எழுதாமல் இறந்தவர். மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள். கிரையப் பத்திர வரைவில் மகளின் பெயர் இல்லை. "அதுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சுங்க" என்றார் மூத்த மகன். அவருடைய கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நாளைக்கு வழக்கு வரும். அது ஒரு காரணம். ஒரு பெண்ணுக்கு வீடு வாங்க இன்னொரு பெண்ணின் பங்கை விழுங்குவதா என்று தோழிதான் முதலில் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் அதுவரை வழக்கைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். போனில் பேசினோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எனக்குப் பங்கு இருக்குன்னு நீங்கதாங்க முதல்ல சொல்றீங்க" என்றார். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் பங்கு வேண்டும் என்றார். நியாயம். அண்ணன்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுப்பார்களா? விலையை ஏற்றிவிட்டார்கள், பத்தரை லட்சம்.

பத்து லட்சத்தைத் தாண்டியதும் பெண் பெயருக்கான சலுகை போய்விட்டது. ரிசர்வ் வங்கியின் 'லாம்' போய்விட்டது. கையிலிருந்து போட வேண்டியது இப்போது ஏறக்குறைய இரண்டு லட்சம். ஒன்பதரைக்குப் பதிந்துவிட்டு மீதி ஒரு லட்சத்தைக் கையில் கொடுங்கள் என்றார் தரகர். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதிலும் இரண்டு லட்சத்துக்கு மேல்தான் வருகிறது, கறுப்புப் பணப் பாவம் தனி. தோழி அண்ணன்களுக்குத் தை முடியும்வரை தவணை கேட்டிருக்கிறார். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. குறைகிற அறுபதாயிரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாமனார் நிலத்தை விற்க மாட்டேன் என்று ராசிபுரத்து ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வருடம் மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறது, தையில்தான் பறிப்பு.